ராம்பார்ட்டுக்கு அந்தப் பக்கம்

நியூ ஆர்லியன்ஸுக்குப் போய்வந்தேன் என்று யார் சொன்னாலும் என் காது ஒரு பெயருக்காகக் காத்திருக்கும். போர்பன் தெருவைச் சொல்வார்கள். ஆற்றங்கரைக் கடையில் சர்க்கரைத்தூள் கொட்டிய பெனியேயைச் சொல்வார்கள். நீராவிக் கப்பலின் குழல் இசையைச் சொல்வார்கள். ராம்பார்ட் தெருவைத் தாண்டினீர்களா என்று கேட்டால் முகத்தில் ஒரு தயக்கம் வரும். அந்தக் காலத்தில் ஓட்டல் வரவேற்பில் இருந்தவர்கள் அந்தத் தெரு வரைக்கும்தான் வரைபடத்தில் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுப்பார்கள். அதற்கு அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அந்தப் பக்கத்துக்குத்தான் ட்ரெமே என்று பெயர். அங்கே ஒரு மழைக்காலமாவது இருந்து திரும்பியவர் நீங்கள் என்றால் இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை. சேர்ந்து கொஞ்ச தூரம் நடப்போம், வாருங்கள்.

ராம்பார்ட்டைக் கடந்ததும் சத்தம் எப்படிச் சட்டென்று இறங்கும், நினைவிருக்கிறதா? குடிகாரர்களின் கூச்சலும் குதிரை வண்டிகளின் குளம்போசையும் முதுகுப்பக்கம் போய்விடும். கவர்னர் நிக்கல்ஸ் தெருவில் நடைபாதைக் கற்கள் மர வேர்களால் தூக்கப்பட்டு ஏறியும் இறங்கியும் கிடக்கும். கண்ணைக் கீழே வைத்துத்தான் நடக்க வேண்டும். வீடுகள் ஒன்றோடொன்று தோளிடித்து நிற்கும். மஞ்சள், வெளிறிய பச்சை, வெயிலில் சோகை பிடித்த ஊதா. வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே தோட்டம் கிடையாது, வேலி கிடையாது. கதவைத் திறந்தால் மூன்று படி, படியை விட்டால் தெரு. நம் ஊர்த் திண்ணை செய்த வேலையெல்லாம் அங்கே அந்த மூன்று படிகள் செய்தன. காப்பி குடிப்பது அதில்தான். கடன் கேட்பதும், துக்கம் விசாரிப்பதும், பிள்ளையைக் கண்டிப்பதும் அதில்தான். படியில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தும் வணக்கம் சொல்லாமல் போவது அந்தப் பேட்டையில் பெரிய குற்றம். முன்பின் தெரியாதவராக இருந்தாலும் காலை வணக்கம் சொல்லியே ஆக வேண்டும். அவரும் பதிலுக்கு ‘ஆல்ரைட், பேபி’ என்பார். எண்பது வயதுக் கிழவரும் பேபிதான், பள்ளிக்கூடம் போகும் பையனும் பேபிதான்.

தொண்ணூறுகளின் கடைசியில், படிக்க வந்த ஊரில் வாடகை குறைவாக இருந்ததால் நான் அங்கே குடியேறினேன். ஷாட்கன் வீடு என்பார்கள். நடையே இல்லாமல் அறைக்குப் பின் அறையாக ஒரே கோட்டில் போகும். வாசலில் நின்றால் கடைசி அறையின் ஜன்னலில் ஆடும் துணி தெரியும். அதை இரண்டாகத் தடுத்து ஒரு பாதியில் வீட்டுக்காரம்மா இருந்தார், மறு பாதியை எனக்கு விட்டிருந்தார். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெயருக்கு முன்னால் ‘மிஸ்’ போட்டுத்தான் கூப்பிட வேண்டும். வயதில் பெரிய பெண்களுக்கு அங்கே அதுதான் மரியாதை. சனிக்கிழமை காலையில் பழைய செங்கல் ஒன்றைச் சுத்தியலால் இடித்துத் தூளாக்குவார். படிகளில் தண்ணீர் தெளித்து, அந்தத் தூளைத் தூவி, துடைப்பத்தால் அழுத்தித் தேய்ப்பார். மரப்படி மெல்லச் செம்மண் நிறத்துக்கு வரும். கெட்டது எதுவும் படியேறாது என்று அவருடைய பாட்டி சொல்லிக் கொடுத்தாராம். ஏன் என்று அவரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. ஈரச் செங்கல் வாசனை பத்து மணி வரை தெருவில் இருக்கும்.

வாசனை என்று தொடங்கினால் திங்கட்கிழமைக்குத்தான் போக வேண்டும். துணி துவைக்கும் நாள் என்பதால் அடுப்பில் வைத்துவிட்டு மறந்துவிடக்கூடிய சமையல் வேண்டும் என்று பழைய காலத்தில் ஏற்பட்ட வழக்கம் அது. ஞாயிறு இரவே ரெட் பீன்ஸை, நாம் ராஜ்மா என்று வாங்குவதுதான், மேஜையில் கொட்டிக் கல் பொறுக்குவார். பாத்திரத்தில் ஒவ்வொன்றாக விழும் சத்தம் சுவர் வழியாக எனக்குக் கேட்கும். காலையில் வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றும் வதங்கும். அந்த ஊரில் இந்த மூன்றும் வதங்காமல் எந்தச் சமையலும் ஆரம்பிக்காது. ஞாயிற்றுக்கிழமை விருந்தில் மிஞ்சிய பன்றித்தொடை எலும்பு உள்ளே போகும். மதியத்துக்குள் எல்லா வீட்டு ஜன்னலிலிருந்தும் ஒரே வாசனை வரும். மூன்று மணிக்கு மரக்கரண்டியின் முதுகால் கொஞ்சம் பருப்பைப் பாத்திரத்தின் ஓரத்தில் வைத்து மசிப்பார். குழம்பு கெட்டிப்படுவது அதனால்தான். அப்புறம் தடுப்புச் சுவரில் இரண்டு தட்டு. தட்டை எடுத்துக்கொண்டு வா என்று அர்த்தம். லூயி ஆம்ஸ்ட்ராங் தன் கடிதங்களை ரெட் பீன்ஸையும் சோற்றையும் சொல்லிக் கையெழுத்திட்டு முடிப்பார் என்று படித்திருப்பீர்கள். அந்தத் தட்டைக் கையில் வாங்கியவர்களுக்கு அது வேடிக்கையாகத் தோன்றாது.

பருவங்களும் அங்கே மூக்கு வழியாகத்தான் வந்தன. கோடை முறியும்போது ஸ்வீட் ஆலிவ் பூக்கும். பூ கண்ணுக்கே தெரியாது. எந்தக் கொல்லையிலிருந்து வருகிறதென்று தெரியாத வாசனை தெருமுனையில் ஆளை நிறுத்தும். நவம்பரில் சட்சுமா ஆரஞ்சு வரும், பச்சைத் தோலைக் கிள்ளினால் விரலெல்லாம் மணக்கும். தவக்காலத்தில் கொல்லைப்புறங்களில் பெரிய அண்டா வைத்து கிராஃபிஷ் வேகவைப்பார்கள்; மிளகாய் ஆவி தெருவரை வந்து தும்மல் கிளப்பும். மே மாத இரவுகளில் ஈசல். இரண்டாம் உலகப் போர் முடிந்து கிழக்காசியாவிலிருந்து திரும்பிய கப்பல்களின் மரப்பெட்டிகளோடு வந்து இறங்கிய கறையான் இனம் அது. தெருவிளக்கைப் புகைபோலச் சூழ்ந்துகொள்ளும். உடனே வீட்டுக்கு வீடு விளக்கை அணைத்துவிடுவார்கள். இருட்டில் படியில் உட்கார்ந்து, முகம் தெரியாமல், குரலை மட்டும் வைத்துக்கொண்டு பேசும் அந்த அரைமணி நேரம்தான் ட்ரெமேயின் கதைகள் எல்லாம் எனக்குக் கிடைத்த நேரம். ஜூலை வந்தால் பிற்பகல் தோறும் வானம் கறுத்து ஒரு பாட்டம் கொட்டித் தீர்க்கும். ஆகஸ்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். புயல் மாதம்.

சத்தங்களில் எனக்கு முதலாவது மிஸ்டர் ஓக்ரா. ஆர்தர் ராபின்சன் என்பது அவருடைய சொந்தப் பெயர்; வெண்டைக்காயின் பெயரில்தான் ஊருக்கு அவரைத் தெரியும். படமும் எழுத்துமாக வண்ணம் தீட்டிய லாரியில் காய்கறியும் பழமும் அடுக்கிக்கொண்டு, ஒலிபெருக்கியில் இருப்பதையெல்லாம் ராகம் போட்டுச் சொல்லியபடி ஊர்வது அவர் வழக்கம். அவருடைய அப்பாவும் அப்படித் தெருத்தெருவாக விற்றவர்தான். குரல் கரகரப்பான குரல், அவசரமே இல்லாத குரல். இரண்டு தெரு தள்ளி வரும்போதே அவகாடோ இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். 2018 பிப்ரவரியில் அவர் போய்விட்டார்.

இன்னொரு சத்தம் எதிர்வீட்டுப் பையனின் ட்ராம்போன். பத்து வயதிருக்கும், வாத்தியம் அவனைவிட நீளம். பள்ளிவிட்டு வந்ததும் படியில் உட்கார்ந்து ஒரே ஒரு வரியை இருட்டும் வரை ஊதுவான். தப்பும் இடத்தில் தெருவில் போகும் யாராவது ஒருவர் நின்று, வாயாலேயே அந்த இடத்தைப் பாடிக் காட்டிவிட்டு நடையைத் தொடர்வார். தபால்காரர்கூடப் பாடிக் காட்டியிருக்கிறார். அந்த ஊரில் இசை இவ்வளவு பெருகியதற்கு ஆயிரம் காரணம் எழுதியிருக்கிறார்கள். படியில் உட்கார்ந்தவனை வழிப்போக்கர் திருத்தக்கூடிய அளவுக்கு வீடும் தெருவும் நெருங்கியிருந்ததுதான் அதில் முதல் காரணம் என்பது என் எண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை செயின்ட் அகஸ்டின் கோயில் மணி. 1842இல் திறந்த கோயில். அடிமைத்தனம் சட்டமாக இருந்த அந்த நாளில் சுதந்திரம் பெற்ற கறுப்பின மக்கள் பணம் சேர்த்துத் தங்களுக்கு இருக்கைகள் வாங்கினார்கள்; வெள்ளையர்களும் போட்டி போட்டு வாங்கினார்கள். அப்போது அந்தக் கறுப்பின மக்கள் ஒரு காரியம் செய்தார்கள். இரண்டு ஓரங்களிலும் இருந்த சிறு இருக்கைகளை விலைக்கு வாங்கி, அடிமைகளாக இருந்தவர்கள் உட்கார்ந்து தொழுவதற்கென்று கொடுத்துவிட்டார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் வீட்டுக்காரம்மாவின் கை தானாக அந்த ஓரத்து இருக்கையைத் தடவிக் கொடுக்கும். வெள்ளையர் ரயில் பெட்டியில் ஏறி உட்கார்ந்து 1892இல் கைதான செருப்புத் தொழிலாளி ஹோமர் பிளெசி இந்தக் கோயிலைச் சேர்ந்தவர். அவர் வழக்கில்தான் 1896இல் உச்ச நீதிமன்றம் பிரித்து வைப்பது சட்டப்படி சரி என்று தீர்ப்பு எழுதியது. லூயிசியானா ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கியது 2022இல். கோயிலின் பக்கச் சுவரை ஒட்டி, சாய்ந்து கிடக்கும் பெரிய இரும்புச் சிலுவை ஒன்று இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். கப்பல் சங்கிலியும் கைவிலங்குகளும் தொங்கும். பெயர் தெரியாத அடிமைகளுக்கான கல்லறை என்று 2004இல் வைத்தார்கள். காற்றடித்தால் விலங்குகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும்.

நம் பக்கத்து மனிதர்கள் இந்தத் தெருக்களில் நடந்திருக்கிறார்கள் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிய வந்தது. விவேக் பால்ட் என்ற ஆய்வாளர் 2013இல் எழுதிய ‘பெங்காலி ஹார்லெம்’ நூலில் அது இருக்கிறது. வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து முஸ்லிம் வியாபாரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சிகன் தையல் துணிகளையும் பட்டையும் மூட்டை கட்டிக்கொண்டு அமெரிக்கா போனார்கள். கோடையில் நியூ ஜெர்சி கடற்கரை ஊர்களில் விற்பது, குளிர்காலத்தில் நியூ ஆர்லியன்ஸுக்கு வருவது. தங்கியது ட்ரெமேயில், பலபேர் சேர்ந்து எடுத்த வாடகை வீடுகளில். சிலர் அங்கேயே கறுப்பினப் பெண்களை மணந்து குடும்பமும் ஆனார்கள். யாருக்கும் வேண்டாத மனிதர்களுக்கு அந்தப் பேட்டை அறை கொடுத்தது. வீட்டுக்காரம்மா எனக்குக் கொடுத்ததுபோலத்தான்.

பின்னிரவில் விளக்கு எரியும் ஜன்னல் என்றால் அங்கே தையல் நடக்கிறது என்று அர்த்தம். மார்டி கிரா இந்தியர்கள் என்று பெயர் சூட்டிக்கொண்ட கறுப்பினக் குழுக்கள். தப்பி ஓடிய அடிமைகளுக்கு அடைக்கலம் தந்த பூர்வகுடி மக்களுக்கு நன்றி என்று சொல்லி, ஆண்டுக்கு ஒரு உடுப்பைக் கையால் தைத்து அணிபவர்கள். எங்கள் தெருவில் ஒருவர் பகலில் கொத்து வேலைக்குப் போவார், இரவில் ஊசி எடுப்பார். சமையலறை மேஜையில் அட்டைத் துண்டுகளைப் பிறை வடிவிலும் வைர வடிவிலும் வெட்டிப் பரப்பியிருப்பார். ஒரு ஜிகினா, அதன் நடுவில் ஒரு மணி, ஊசி கீழே, முடிச்சு. மறுபடி ஒரு ஜிகினா. இரண்டு மணி நேரம் குனிந்திருந்தால் உள்ளங்கை அகலம் நிறையும். கட்டை விரல் நுனியெல்லாம் கறுத்துத் தழும்பேறிக் கிடக்கும். என்ன நிறம் என்று மட்டும் கேட்கக் கூடாது. தவக்காலத்துக்கு முந்தின நாள் திருவிழாவான மார்டி கிரா அன்று காலையில் கதவு திறந்து இறகுகளோடு வெளியே வரும்வரை பெண்டாட்டியைத் தவிர யாருக்கும் நிறம் தெரியக் கூடாது.

இவர்களுக்கெல்லாம் தலைவருக்குத் தலைவர் டூட்டி மொன்டானா. கட்டடச் சுவரில் காரை பிடிக்கச் சட்டம் அடிக்கும் தொழிலாளி. அந்தத் தொழிலின் கணக்கைத்தான் உடுப்பிலும் வைத்தார். குழுக்கள் சந்தித்தால் கத்தியும் ரத்தமுமாக இருந்த காலத்தைப் பார்த்தவர். ஊசி நூலால் மோதிக்கொள்வோம், யார் அழகு என்று பார்ப்போம் என்று மாற்றியதில் அவர் பங்கு பெரியது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தைத்தார். 2005 மார்ச் மாதத்துச் செயின்ட் ஜோசப் திருநாள் இரவில் இந்தியர்களைப் போலீஸ் நடத்திய விதத்தைப் பற்றி நகர மன்றத்தில் விசாரணை நடந்தது ஜூன் 27இல். எண்பதைத் தாண்டிய மனிதர் எழுந்து நின்று, இது நிற்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தார், மீளவில்லை. இரண்டே மாதத்தில் புயல் வந்தது. ட்ரெமேயில் காலத்தை அந்தக் கோடையோடு இரண்டாகப் பிரித்துத்தான் பேசுவார்கள்.

சாவு ஊர்வலங்களைச் சொல்லாமல் தாண்ட முடியாது. கோயிலிலிருந்து புறப்படும்போது பேண்டு மெல்ல ஊதும், காலை இழுத்து இழுத்து வைப்பார்கள், டூபா முனகும். பெட்டியை வழியனுப்பிய பிறகு ட்ரம் ஒருமுறை முழங்கும். அதோடு குடைகள் விரியும், கைக்குட்டைகள் மேலே போகும், அழுதவர்களே ஆட ஆரம்பிப்பார்கள். பின்னால் சேர்ந்துகொள்ளும் ஊருக்கு செகண்ட் லைன் என்று பெயர். அழைப்பு வேண்டாம், இறந்தவரைத் தெரிந்திருக்கவும் வேண்டாம். ட்ரெமே பிராஸ் பேண்டில் பெரிய ட்ரம் அடித்த அங்கிள் லயனல் பட்டீஸ்தைப் பார்த்திருக்கிறீர்களா? மடிப்புக் கலையாத கோட்டு, வட்டத் தொப்பி, கைத்தடி. கைக்கடிகாரத்தை மணிக்கட்டில் கட்டாமல் உள்ளங்கையைச் சுற்றிக் கட்டியிருப்பார். நேரம் என் கையில் இருக்கிறது என்று அதற்கு விளக்கம் சொல்வார். 2012 ஜூலையில் அவர் இறந்தபோது உடலைப் படுக்க வைக்கவில்லை. அதே கோட்டில், தொப்பியோடு, தெருவிளக்குக் கம்பம் ஒன்றில் சாய்ந்து நிற்பதுபோல் நிறுத்தினார்கள். பார்க்க வந்தவர்கள் எப்போதும் தெருவில் பார்த்த மாதிரியே பார்த்துவிட்டுப் போனார்கள்.

இருட்டில் வீட்டுக்காரம்மா சொன்ன கதைகளில் அடிக்கடி வந்தது கிளைபோர்ன் ஓக் மரங்கள். கிளைபோர்ன் அவென்யூவின் நடுவே அகலமான புல்திடல், அதில் வரிசை வரிசையாக ஓக் மரங்கள், கிளைகள் மேலே கைகோத்துக்கொண்டு. இரண்டு பக்கமும் கறுப்பின மக்களின் கடைகள்: தையற்கடை, மருந்துக்கடை, காப்பீட்டு அலுவலகம், சவ அடக்கம் நடத்தும் வீடுகள். வெள்ளையர்களின் மார்டி கிராவில் இவர்களுக்கு இடமில்லாத காலத்தில் மரத்தடியில்தான் இவர்களின் மார்டி கிரா. விடியுமுன்பே பாயும் போர்வையும் கொண்டுபோய்த் தங்கள் மரத்தடியைப் பிடித்துவிடுவார்களாம். எந்தக் குடும்பத்துக்கு எந்த மரம் என்பது தெரிந்த கணக்கு. பொரித்த கோழி ஒரு கூடையில், உருளைக்கிழங்கு சாலட் ஒரு சட்டியில். இந்தியர்கள் வருவார்கள், பேபி டால் பெண்கள் குட்டைப் பாவாடையில் ஆடிக்கொண்டு வருவார்கள், ஜூலூ ஊர்வலம் வரும். மறுபடி புறப்படும் வரை குழந்தைகள் வேரில் தலைவைத்துத் தூங்கும்.

1966இல் அந்த மரங்களை வெட்டினார்கள். மாநிலங்களுக்கு இடையிலான ஐ-10 நெடுஞ்சாலை கிளைபோர்ன் மேல் பாலமாகப் போக வேண்டியிருந்தது. அதே காலத்தில் ஃபிரெஞ்ச் குவார்ட்டரின் ஆற்றங்கரையிலும் ஒரு விரைவுச் சாலை போடத் திட்டம் இருந்தது. செல்வாக்குள்ளவர்கள் எதிர்த்துப் போராடினார்கள், 1969இல் அதை மத்திய அரசே கைவிட்டது. ட்ரெமேயிடம் யாரும் கேட்கவில்லை. மரம் விழும் சத்தத்தைத் தாங்க முடியாமல் அம்மா ஜன்னலைச் சாத்தினாள் என்பார் வீட்டுக்காரம்மா. அத்தோடும் நிற்கவில்லை. கலை மையம் கட்டுகிறோம் என்று காங்கோ சதுக்கத்தை ஒட்டிய தெருக்கள் பலவற்றை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1817இல் ஊர்ச் சட்டம் அடிமைகள் கூட ஒதுக்கிய இடம் அந்தச் சதுக்கம். ஞாயிறு தோறும் அவர்கள் முரசு கொட்டி ஆடியதிலிருந்துதான் இந்த ஊரின் இசையெல்லாம் தொடங்கியது என்று உலகமே சொல்கிறது. இடித்த இடத்தில் 1980இல் ஆம்ஸ்ட்ராங் பெயரில் பூங்கா திறந்தார்கள், சுற்றிலும் இரும்பு வேலி போட்டார்கள். வீட்டுக்காரம்மா பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது பூங்காவின் செயற்கைக் குளம். வேலிக்கு வெளியே நின்று கையை நீட்டி, அந்த வாத்து நீந்துகிற இடம்தான் எங்கள் சமையலறை என்று எனக்குக் காட்டியிருக்கிறார்.

இத்தனைக்கும் பிறகு மார்டி கிரா அன்று ஜனங்கள் பாலத்தடிக்கே போனார்கள். மரம் இருந்த இடத்தில் கான்கிரீட் தூண். தூணருகே அதே குடும்பம், அதே கோழிக் கூடை. தூண்களில் ஓவியர்கள் ஓக் மரங்களையும் ஊர்ப் பெரியவர்களின் முகங்களையும் வரைந்தார்கள். பேண்டின் சத்தம் பாலத்தடியில் இரட்டிப்பாகித் திரும்பும், அங்கே வந்ததும் எல்லாரும் வேண்டுமென்றே ஓங்கி ஊதுவார்கள். நெஞ்செலும்பு அதிரும். பக்கத்திலேயே எர்னி கே-டோ நடத்திய ‘மதர்-இன்-லா லவுஞ்ச்’. 1961இல் மாமியாரைப் பற்றிய பாட்டால் அமெரிக்கா முழுக்கத் தெரிந்தவர். 2001இல் அவர் இறந்ததும் மனைவி ஆன்ட்வனெட் அவர் உருவத்தில் ஒரு பொம்மை செய்து, அதற்குப் பட்டுக் கோட்டு போட்டு, மதுக்கூடத்தில் உட்கார வைத்துவிட்டார். வந்தவர்கள் பொம்மைக்கும் வணக்கம் சொன்னார்கள். அந்த அம்மாள் 2009 மார்டி கிரா அன்று விடிகாலையில் காலமானார்.

2005 ஆகஸ்ட் 29, அந்தப் புயலும் வெள்ளமும் வந்த நாள். நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ராம்பார்ட் பக்கம் மேடு, அங்கே தண்ணீர் குறைவு. கிளைபோர்னைத் தாண்டியதும் தரை தாழும், அங்கே வீடுகளுக்குள் நின்றது. ஜனங்கள் குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பாலத்தின் மேல் ஏறினார்கள். ஓக் மரங்களைத் தின்ற பாலம் அன்று அவர்களை வெயிலில் வைத்துக் காப்பாற்றியது. வீட்டுக்காரம்மாவை ஹூஸ்டனுக்குக் கொண்டுபோனார்கள். தொலைபேசியில் பேசும்போது திங்கட்கிழமை அடுக்ககம் முழுக்க ஒரு வாசனையும் இல்லை என்றார். அங்கேயே கண்ணை மூடினார்.

அப்புறம் ட்ரெமேக்குத் திரும்பிப் போனேன். எங்கள் வீட்டுக் கதவில் மீட்புப் படையினர் தெளித்த பெருக்கல் குறி வண்ணத்துக்கு அடியில் லேசாகத் தெரிந்தது. கைப்பிடியில் எண்பூட்டுப் பெட்டி தொங்கியது. வார இறுதிக்கு வாடகைக்கு எடுப்பவர்கள் சாவியை அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். தெரு நெடுக அதே பெட்டிகள். படியில் யாரும் இல்லை. வணக்கம் சொல்ல ஆள் தேடி நடந்தேன். லாஃபிட் குடியிருப்பின் உறுதியான செங்கல் வீடுகள், ஏறக்குறைய 900, புயலுக்குப் பின் இடிக்கப்பட்டன. 2000 கணக்கெடுப்பில் ட்ரெமேயிலும் லாஃபிட்டிலும் சேர்த்து 8,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 2010இல் 4,000 சொச்சம். 2007 அக்டோபரில், இறந்துபோன டூபா கலைஞர் கெர்வின் ஜேம்ஸுக்காக நார்த் ராபர்ட்சன் தெருவில் கூடி ஊதிக்கொண்டிருந்தவர்களைப் போலீஸ் வந்து கலைத்தது, இரண்டு கலைஞர்களைக் கைது செய்தது. சத்தம் என்று புகார் போயிருந்ததாம். ட்ரெமேயில், சாவுக்கு வாசித்ததற்கு.

ஆர்லியன்ஸ் அவென்யூவில் டூக்கி சேஸ் உணவகம் இருக்கிறது. லியா சேஸ் இல்லை. மாடி அறையில் கறுப்பரும் வெள்ளையரும் சட்டத்தை மீறி ஒரே மேஜையில் உட்கார்ந்து உரிமைப் போராட்டம் பேசியபோது அவர்களுக்குக் கம்போ என்ற கெட்டிச் சாறு ஊற்றியவர். பெரிய வியாழன் அன்று ஒன்பது வகைக் கீரை போட்டு அவர் காய்ச்சும் பச்சைக் கம்போவுக்கு ஊரே வரிசையில் நிற்கும். தொண்ணூறு வயதுக்குப் பிறகும் அடுப்படியில் இருந்தார். 2019 ஜூனில், 96 வயதில் போனார். இந்தியர்களின் உடுப்புகளையும் சாவு ஊர்வலப் படங்களையும் பழைய சவ அடக்க வீடு ஒன்றில் சேர்த்து வைத்து பேக்ஸ்ட்ரீட் அருங்காட்சியகம் நடத்திய சில்வெஸ்டர் ஃபிரான்சிஸ் 2020இல் போனார். மறுவருடம் அதே ஆகஸ்ட் 29 அன்று வந்த ஐடா புயல் அந்தக் கட்டடத்தையும் சேதப்படுத்தியது. உடுப்புகள் செயின்ட் பிலிப் தெருவுக்குக் குடிபோயின.

இசை நின்றுவிடவில்லை. ஞாயிறு மதியம் இன்றும் செகண்ட் லைன் புறப்படுகிறது. ஆனால் ஊதுகிறவர்கள் பலர் வாடகை கட்டுப்படியாகாமல் ஊருக்கு வெளியே எங்கெங்கோ இருந்து காரில் வந்து ஊதிவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். மாலையில் படியில் உட்கார்ந்து தப்பாக ஊதும் பையன் இல்லை, நின்று திருத்திவிட்டுப் போகும் வழிப்போக்கரும் இல்லை. மரங்களை வெட்டியதைவிட, 2005 வெள்ளத்தைவிட, ட்ரெமேக்கு நடந்த பெரிய சேதம் இதுதான் என்று நினைக்கிறேன். மரம் போன இடத்தில் ஜனங்கள் தூணருகே பாய் விரித்தார்கள். வெள்ளம் வடிந்ததும் சேறு வாரினார்கள். வாடகைக்கு எதிராக அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். ராம்பார்ட்டைத் தாண்டுங்கள். தங்குவதற்கு அந்தத் தெருக்களில் வீடு எடுக்காதீர்கள், ஆற்றுப் பக்கம் ஓட்டல்கள் ஏராளமாக இருக்கின்றன. பேண்டு நிற்கும் இடத்தில் யாராவது வாளியோ தொப்பியோ நீட்டினால் தாராளமாகப் போடுங்கள், அது அவர்களுடைய கூலி. படியில் யாராவது உட்கார்ந்திருந்தால் முதலில் வணக்கம் சொல்லுங்கள்.